தேதி வைத்துப் பார்க்கும் கண்

சென்னை பெரம்பூரின் ரயில்வே குடும்பங்களில் ‘மெடிக்கல்’ என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ‘அடுத்த மாசம் அப்பாவுக்கு மெடிக்கல்’ என்று பிள்ளை சொன்னால், அப்பாவுக்கு என்ன நோயோ என்று யாரும் பதறுவதில்லை. அவருக்குரிய தேதி வந்துவிட்டது, அவ்வளவுதான். ரயில் ஓட்டுபவர் ஏ-1 என்ற மருத்துவப் பிரிவில் வருகிறார். கண்ணைப் பொறுத்தவரை ரயில்வேயின் பிரிவுகளிலேயே கெடுபிடியானது அது. தூரத்து எழுத்து தெரிகிறதா, கிட்டத்து எழுத்து தெரிகிறதா, நிறம் பிரிகிறதா, இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றனவா, மங்கிய வெளிச்சத்தில் பார்வை எப்படி என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். 45 வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். ‘கண்ணில் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா’ என்ற கேள்விக்கு அங்கே பெரிய மரியாதை இல்லை. தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேதி வந்தால் போய் நிற்க வேண்டும். ஆனால், அதே வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும், பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டுபவருக்கும், தெருமுனையில் கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறைக்காரருக்கும் அப்படியொரு தேதி கிடையாது. கண்ணே முறையிட்டால்தான் அவர்கள் மருத்துவரிடம் போவார்கள். கண்ணைக் காப்பது எப்படி என்று எத்தனையோ அறிவுரைகள் சொல்கிறார்கள். கேரட் சாப்பிடச் சொல்வதிலிருந்து செல்போனைக் கீழே வைக்கச் சொல்வது வரை. அவை எல்லாவற்றையும்விட முக்கியம், முறையீட்டுக்குக் காத்திராமல் தேதிப்படி கண்ணைப் பார்க்கும் பழக்கம். ரயில்வே அதை நூறாண்டுக்கு மேலாகப் பழகியிருக்கிறது. அதன் மதில் சுவரை ஒட்டிக் குடியிருக்கும் நாம் இன்னும் பழகவில்லை.

ரயில்வேக்கு இந்தப் புத்தி சும்மா வந்துவிடவில்லை. 1875 நவம்பரில் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். சமிக்ஞை விளக்கின் நிறத்தை யாரோ பிழையாகப் பார்த்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர் ஃபிரித்தியோஃப் ஹோல்ம்கிரன் என்ற உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் சாயம் தோய்த்த கம்பளி நூல் கண்டுகளைக் கொத்தாக மேசையில் பரப்பி, ஒரு பச்சைக் கண்டைக் கையில் கொடுத்து, இதன் சாயலில் இருப்பதையெல்லாம் பொறுக்கி எடு என்று ரயில்வே ஊழியர்களிடம் சொன்னார். பச்சையோடு சாம்பலையும் பழுப்பையும் சேர்த்துப் பொறுக்கியவர்கள் அகப்பட்டார்கள். அந்த விபத்துக்கு நிறக்குருடுதான் காரணமா என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். ஆனால், அந்த நூல் கண்டுகள் காட்டிய உண்மையில் வாதம் இல்லை. நிறம் பிரியாத மனிதர் பொய் சொல்லவில்லை. தனக்குக் குறை இருப்பதே அவருக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அவர் பார்த்த உலகம் அதுதான். தன் கண்ணைப் பற்றி ஒருவர் தரும் சாட்சியத்தை மட்டும் நம்பி வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்று ரயில்வே அன்று கற்றுக்கொண்டது. 1917இல் ஜப்பானின் இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்கள் நூல் கண்டின் இடத்தைப் பிடித்தன, பாடம் அதேதான்.

இந்தப் பாடம் நிறத்தோடு நின்றுவிடவில்லை. பார்வையைப் பறிக்கும் பெரிய நோய்கள் பலவற்றுக்கு வலி கிடையாது. கண் நீர் அழுத்த நோய், அதாவது க்ளாக்கோமா, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருகிறது. நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருப்பதால் பேப்பர் படிக்க முடியும், டிவி பார்க்க முடியும். ஒரு கண்ணில் விட்டுப்போனதை இன்னொரு கண் ஈடுகட்டிவிடும். அதற்கும் மேலே மூளை, காணாமல்போன இடத்தைச் சுற்றியுள்ளதை வைத்து ஒட்டுப்போட்டுவிடும். ஆகவே நோயாளிக்குக் கறுப்பாக எதுவும் தெரியாது. இல்லாதது இல்லை என்பதுகூடத் தெரியாது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை ஆறேழு அடி தள்ளி நின்று, முதலில் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, பிறகு மற்றதை மூடிப் படித்துப் பாருங்கள். இது மருத்துவச் சோதனை அல்ல, அழுத்த நோயை இது காட்டிக்கொடுக்கவும் செய்யாது. ஆனால் ஒரு கண்ணில் தேதி கட்டம் கட்டமாகத் தெளிவாகவும் இன்னொன்றில் கலங்கியும் தெரிந்தால், இரண்டு கண்ணும் திறந்திருந்த வரை அது எவ்வளவு காலம் மறைந்திருந்தது என்பது அப்போதுதான் உறைக்கும்.

நம்முடைய பழக்கம் ஏன் மாறவில்லை என்று யோசித்தால், அறியாமை என்ற எளிய விடை போதவில்லை. அரசு நடத்திய தேசியக் கண் பார்வை ஆய்வின்படி (2015-19), 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66 விழுக்காட்டுக்குக் கண்புரையே காரணம். அந்தக் கண்புரைக்கு எதிரான போரில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1978இல் டாக்டர் பத்ரிநாத் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயா, ஊர் ஊராக நடந்த முகாம்கள் எல்லாம் சேர்ந்து, பாட்டிக்குப் புரை விழுந்தால் ஆபரேஷன் செய்து பச்சைக் கண்ணாடியோடு வீட்டுக்கு அழைத்து வருவது என்பதை ஒவ்வொரு குடும்பத்தின் சாதாரண அனுபவமாக்கிவிட்டன. மகத்தான சாதனை. ஆனால், அந்தச் சாதனையே நமக்கு ஒரு தவறான பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டது என்று தோன்றுகிறது. பார்வை மங்கும், பொறுத்திருக்கலாம், முற்றியதும் போனால் மருத்துவர் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்பது அந்தப் பாடம். ‘முத்தட்டும்’ என்ற சொல் பழைய அறுவை முறைக்குப் பொருந்தியது. இன்றைய முறையில் புரையே முற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கண் நோய்களில் போன பார்வை இவ்வளவு முழுமையாகத் திரும்பக் கிடைப்பது கண்புரையில்தான். அழுத்த நோயில் செத்த நரம்பு செத்ததுதான். சர்க்கரையால் கெட்ட விழித்திரையில் இருப்பதைக் காப்பாற்றலாம், போனதை மீட்பது அரிது. புரைக்குப் பழகிய பொறுமையை இவற்றிலும் காட்டுகிறோம்.

இதற்குச் சென்னையே சாட்சி. சென்னை க்ளாக்கோமா ஆய்வு என்ற பெயரில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், நகரத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டினருக்குத் திறந்த கோண அழுத்த நோய் இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், ஆய்வாளர்கள் வந்து சொல்லும் வரை தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். மருத்துவமனை எட்டாத மலைக்கிராமத்தில் எடுத்த கணக்கல்ல இது. 1819இல் தொடங்கி, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்றாக நிற்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கும் நகரத்தின் கணக்கு. அந்த எழும்பூர் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1904 முதல் 1913 வரை இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், வெள்ளை விழியில் சின்னஞ்சிறு துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் அறுவையை 1909இல் உலகத்துக்கு அறிவித்தவர்; பல பத்தாண்டுகள் அது அவர் பெயரிலேயே வழங்கியது. க்ளாக்கோமாவுக்கு அறுவையைக் கொடுத்த ஊரில், க்ளாக்கோமா இருப்பவருக்கு அது தெரியவில்லை. மருத்துவமனை இல்லாததால் வந்த குறை அல்ல இது. பெரம்பூரிலிருந்து எழும்பூர் சில கிலோமீட்டர்தான். கூப்பிடு தூரத்தில் பெரியார் நகர் அரசு மருத்துவமனையும், அந்தப் பக்கம் ஸ்டான்லியும் இருக்கின்றன. போக வேண்டிய நாள் எது என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் குறை.

நாள் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் விடை இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுக்கும் தேசியத் திட்டத்தை அங்கே 2003இல் தொடங்கினார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கடிதம் வரும்: இன்ன தேதியில் இன்ன இடத்துக்கு வாருங்கள். பார்வை நன்றாக இருக்கிறதா என்று கடிதம் கேட்பதில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் என்ற இடத்திலிருந்து சர்க்கரை விழித்திரை நோய் இறங்கிவிட்டதைக் காட்டியது. அரை நூற்றாண்டில் அதுவே முதல் முறை. அதன் பிறகு, ஆபத்துக் குறைந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று இடைவெளியைக் கூட்டியும் இருக்கிறார்கள். நம் நிலவரம் என்ன? சென்னையில் எடுத்த இரண்டு தனித்தனி ஆய்வுகள், சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் மோகன் குழுவினருடையதும் சங்கர நேத்ராலயாவினுடையதும், சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு விழித்திரையில் பாதிப்பு இருப்பதாகச் சொல்லின. ஐந்தாறு பேரில் ஒருவர். நம் தெருக்களில் ‘சுகர்’ எவ்வளவு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாத்திரைப் பெட்டி இல்லாத வீடு குறைவு. சாப்பிடுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று எண்களை ஒப்பிப்பவர்களிடம், விழித்திரையைக் கடைசியாக எப்போது படம் எடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பவர் செக் பண்ணினேனே என்பார்கள். பவர் வேறு, விழித்திரை வேறு.

இந்தக் குழப்பத்துக்குக் கடைகளுக்கும் பங்கு உண்டு. பெரம்பூர் ஹைரோடிலோ பேப்பர் மில்ஸ் ரோடிலோ நடந்தால் ‘இலவசக் கண் பரிசோதனை’ என்ற பலகை கண்ணில் படாமல் இருக்காது. தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே தெரியும் படத்தைப் பார்க்கச் சொல்லும் அந்த கம்ப்யூட்டர், கண்ணாடிக்கு என்ன பவர் வேண்டும் என்பதற்கு ஓர் அளவு தரும். அழுத்தத்தை அளக்காது, நரம்பைப் பார்க்காது, விழித்திரையைப் படம் எடுக்காது. கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வெள்ளெழுத்துக்குக் கடையே போதும். நாற்பதை ஒட்டி வருவதால், ‘சாளீஸ்’ என்ற வடநாட்டு எண்ணுப்பெயரிலிருந்து ‘சாளேசுரம்’ என்று அதற்கு ஒரு பெயரும் ஏற்பட்டது என்பார்கள். நோயின் பெயரிலேயே தேதியை எழுதி வைத்த முன்னோர் புத்திசாலிகள். அந்தக் கண்ணாடியின் மதிப்பையும் குறைத்து எடைபோட வேண்டாம். 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயது கடந்த தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தபோது, கொடுக்காதவர்களைவிட அவர்களின் உற்பத்தி 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. 2024இல் வெளியான வங்கதேச ஆய்வில் வருமானமே மூன்றில் ஒரு பங்கு கூடியது. ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடும் தையல்காரப் பெண்ணும், சரத்தில் மொட்டுத் தவறும் பூக்காரரும் இழப்பது என்ன என்பதற்கு இவை ஒரு கணக்கு. கண்ணாடி வாங்கப் போகும் அந்த நாற்பதாவது வயதையே முழுப் பரிசோதனைக்கும் தேதியாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் கனமானது மருத்துவ உலகத்திலிருந்தே வருகிறது. அறிகுறி இல்லாத எல்லோருக்கும் க்ளாக்கோமா சோதனை செய்வதால் நன்மை இருப்பதாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2022இலும் சொல்லியிருக்கிறது. நோயில்லாதவரை நோயாளி என்று அச்சுறுத்தி அனுப்பும் ஆபத்து இதில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் குழு சோதனை வீண் என்று சொல்லவில்லை. சான்று போதாது என்றது. நோயுள்ளவர்களில் பாதிப் பேருக்காவது நோய் தெரிந்திருக்கும் நாடுகளின் நிலை வேறு, பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாத ஊரின் நிலை வேறு. நான் கேட்பது எல்லோருக்கும் எல்லா ஆண்டும் எல்லாச் சோதனையும் அல்ல. சர்க்கரை உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ அழுத்த நோய் இருந்தவருக்கு நாற்பதுக்குள் ஒருமுறை. மற்றவருக்கு நாற்பதில் ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். மெட்ராஸ் ஐ வந்தபோது மருந்துக் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, கண் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் விட்டுக்கொண்டவர்கள் இந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்க வேண்டும். அந்தச் சொட்டு அழுத்தத்தை ஏற்றும், புரையையும் கொண்டுவரும்.

இன்னொரு எதிர்வாதம், தினக்கூலிக்காரரின் வாதம். கண்ணில் மருந்து ஊற்றிப் பாப்பாவை விரித்துவிட்டால் நாலைந்து மணி நேரம் கூசும், எழுத்து தெரியாது, அன்றைய வேலை போச்சு. வரிசையில் நிற்கும் நேரம் தனி. நன்றாகத் தெரியும் கண்ணுக்காக ஒரு நாள் கூலியை ஏன் விட வேண்டும்? இதை அலட்சியம் என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஆனால் இதற்கான விடை நம் கைக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மருந்து ஊற்றாமலே விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். அந்தப் படத்தைப் படிக்கும் கணினி நிரலை 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் அறிவித்தபோது, அதைப் பயிற்றுவித்த படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் இருந்தன. உலகத்துக்கு இயந்திரத்தைப் பழக்கியதில் நம்மூர்க் கண்களுக்கும் பங்கு உண்டு. அந்த இயந்திரம் நம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதில் என்ன தடை? 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். படியேறி வரும் அந்தப் பெண்ணின் நோட்டில் ‘விழித்திரை பார்த்த தேதி’ என்று ஒரு கட்டம் சேர்ந்தால், இங்கிலாந்தின் கடிதத்துக்கு ஈடாக அது இருக்கும். கடிதத்தைவிட மேல் என்றுகூடச் சொல்வேன். கடிதம் திரும்பி வந்து, ‘ஏன்க்கா இன்னும் போகல?’ என்று கேட்பதில்லை.

பட்டறைக் கண்களின் கதை சற்று வேறு. அங்கே கண் முறையிடத்தான் செய்கிறது; ஆனால் காரியம் முடிந்த பிறகு. தெருவோரப் பட்டறையில் கிரில் கேட் ஒன்றைச் சேர்க்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் மூலைகளில் ஒவ்வொரு பொட்டு வைத்து நிறுத்த வேண்டும். பொட்டு வைக்கும் நொடியில் ஷீல்டைத் தூக்கி மாட்ட யாருக்குப் பொறுமை? வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறியைத் தட்டுகிறார். எதிரே ஆங்கிளைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹெல்ப்பர் பையன் கையை அசைக்க முடியாது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். அந்த வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலை வாட்டுகிறது. உடனே எதுவும் தெரியாது. ராத்திரி படுத்த பிறகு கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரியும், நீர் கொட்டும். விடிய விடிய வெங்காயமும் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் கண்ணுக்குள் போகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தோல் தானாகவே வளர்ந்து ஆறிவிடுவதால், வெங்காயத்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. கட்டிங் வீலிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள் இவ்வளவு நல்லதனமாக விடாது. துணி முனையைச் சுருட்டிக் கூட்டாளி எடுத்துவிட்டாலும் துரு வளையம் கருவிழியில் தங்கும்; கிருமி சேர்ந்து புண்ணானால், ஆறிய பிறகும் வெள்ளைத் தழும்பு நிற்கும். வேகமாகத் தெறித்த துகள் உள்ளேயே புகுந்துவிட்டால் கண்ணே போகலாம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் கண் பாதுகாப்புக்கென்றே 35ஆவது பிரிவை எழுதி வைத்தார்கள்: துகள் தெறிக்கும் வேலைக்கும் மிகை வெளிச்ச வேலைக்கும் தடுப்பும் கண்ணாடியும் தர வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் எட்டிப் பார்த்தது. 2020இன் புதிய தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கியது. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைக் கூடத்துக்குள் பெட்டியின் வெளிக்கூட்டைப் பற்றவைப்பவர் சட்டத்துக்கு உள்ளே. சுவருக்கு இந்தப் பக்கம் அதே வேலையை இரண்டு ஆளோடு செய்பவர் வெளியே. ஒரே வெளிச்சம், ஒரே கருவிழி. மாநகராட்சி தொழில் உரிமம் கொடுக்கும்போது இரண்டு ஷீல்டு, இரண்டு பாதுகாப்புக் கண்ணாடி இருக்கின்றனவா என்று கேட்கலாம். இரண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது முதலாளி முகத்தில்தான் இருக்கும்.

பிள்ளைகளைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. பள்ளிகளில் கண் பார்த்து இலவசக் கண்ணாடி தரும் திட்டம் ஓரளவு தேதிப்படியே நடக்கிறது. பள்ளிக்கு முந்தைய வயதில்தான் ஓட்டை. ஒரு கண் மட்டும் மங்கிய குழந்தை அதைச் சொல்லாது, அதற்குத் தெரியாது. ஏழெட்டு வயது தாண்டினால் அந்தச் சோம்பல் கண்ணைத் திருத்துவது கடினம். ஆகவே அங்கன்வாடியிலேயே ஒரு தேதி வேண்டும். கிட்டப்பார்வைக் குறைக்குச் சீனாவின் குவாங்சோவில் கண்ட மருந்து மலிவானது: பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்றாண்டில் புதிதாகக் குறை வந்தவர்கள் 39.5 விழுக்காட்டுக்குப் பதில் 30.4தான். நீல ஒளியைத் தடுக்கும் என்று கூடுதல் விலைக்கு விற்கும் கண்ணாடிக்கு அப்படிப்பட்ட சான்று எதுவும் இல்லை. கண் அயர்ச்சியை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் வந்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மறுஆய்வு சொல்லிவிட்டது. அந்தப் பணத்துக்குப் பந்து வாங்கலாம்.

தேதி என்றாலே பயம் என்ற எதிர்வாதமும் இருக்கிறது, அதை ரயில்வேக்காரர்களே சொல்வார்கள். மெடிக்கலில் தேறாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அலவன்ஸ் போகும், மரியாதை போகும். அந்தப் பயத்தில் குறையை மறைப்பவர்கள் உண்டு. ஆனாலும் அவருக்கு மாற்று வேலை உண்டு. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. ஆட்டோ ஓட்டுபவருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. உரிமம் புதுப்பிக்க அவருக்கும் ‘ஒன்-ஏ’ படிவத்தில் மருத்துவச் சான்று வேண்டும். கண்ணைப் பற்றிய கேள்வி அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்று அவருக்கு உரிமத்தைக் காப்பாற்றும் தாள், கண்ணைக் காப்பாற்றும் தாள் அல்ல. தண்டிக்கும் தேதியும் காக்கும் தேதியும் ஒன்றாக இருந்தால் மக்கள் இரண்டிலிருந்தும் ஓடுவார்கள். ஆகவே, தன்னார்வலரின் நோட்டில் வரும் கட்டம் எந்த உரிமத்தோடும் எந்த வேலையோடும் முடிச்சுப் போடப்படக் கூடாது.

உண்மையில் ரயில்வேயின் தேதிகூட ஓட்டுநரின் கண்ணுக்காக வைத்ததல்ல. பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்காக வைத்தது. அதனால்தான் அது ஓய்வு பெறும் நாளோடு முடிந்துவிடுகிறது. அழுத்த நோயும் புரையும் சர்க்கரை விழித்திரையும் வேகமெடுக்கும் வயது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஓய்வுபெற்றவருக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு அட்டை உண்டு, போனால் பார்ப்பார்கள். ஆனால் நாற்பது ஆண்டு வண்டி ஓட்டியவரை அந்த வயதில் யாரும் ‘வா’ என்று கூப்பிடுவதில்லை. கடைசி மெடிக்கல் முடிந்து அவர் கையெழுத்துப் போடும் தாளில், அடுத்து வர வேண்டிய தேதி என்று எழுதும் இடம் இல்லை.